கதவு மட்டும் போதும், டாக்டர் வேண்டாம்

வேலாங்குறிச்சியில இடிமின்னல் பேண்டு செட்டுன்னு ஒண்ணு இருக்கு. இடி இருக்கு, மின்னல் இருக்கு, மண்டைக்குள்ள மட்டும் ஒரு சொட்டு மழை பெய்யல. மொத்தமே நாலு பேரு.

பெரிய டிரம்மு அடிக்கிறவரு சங்கிலி மாஸ்டர், அவருதான் தலைவரு. டிரம்மு எங்க முடியுது, தொப்பை எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது. சைடு டிரம்மு மொக்கராசு, ஊர்லயே பெரிய போன் வச்சிருக்கவன். தாளத்தட்டு செவத்தியான். ரெண்டு தட்டையும் மோதுறப்ப கண்ண இறுக்க மூடிக்குவான். ஏண்டான்னு கேட்டா, "சத்தம் கண்ணுல பட்டுருச்சுன்னா?"ம்பான். நாலாவது ஆளு தவசி, கிளாரினெட்டு. பாட்டுன்னு ஒண்ணு வெளிய வர்றது தவசி வாயில இருந்து மட்டும்தான். மத்த மூணு பேரும் வெறும் சத்தம்.

இந்த செட்டுக்கு ஒரே ஒரு சட்டம். முன்னால நிக்கிறவரு கையத் தூக்குற வரைக்கும் நிறுத்தக் கூடாது. பாட்டு முடிஞ்சா திரும்ப மொதல்ல இருந்து. ஒருவாட்டி ஒரு கல்யாணத்துல மாஸ்டருக்கு தோள்பட்டை புடிச்சுக்கிச்சு, கையத் தூக்க முடியல. பொண்ணு மாப்பிள்ளை மறுவீடு போயி, விருந்து தின்னுட்டு வந்து பாத்தா, இவங்க இன்னும் மண்டபத்து வாசல்ல நின்னு வாசிச்சுக்கிட்டே இருக்காங்க. அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு.

இப்ப தவசி விசயத்துக்கு வருவோம். தவசிக்கு பவுனுத்தாயின்னா உசுரு. பவுனுக்கும் தவசிய புடிக்கும். ஏன் புடிக்கும்னு அந்தப் புள்ளையே பல தடவ யோசிச்சுப் பாத்து விட்டுருச்சு. சிக்கல் பவுனோட அப்பாதான். மாட்டுத் தரகர் மலையாண்டி. சந்தையில மாட்டோட வாயப் பொளந்து பல்லப் பாத்துப் பாத்து, மனுசனையும் பல்லப் பாத்துதான் மதிப்பாரு. வீட்டுக்கு விருந்தாளி வந்தாக்கூட "வாங்க"ன்னு சொல்லிட்டு, அவன் "வர்றேங்க"ன்னு வாயத் தொறக்கிறதத்தான் உத்துப் பாப்பாரு.

அவரு மகனுக்கு கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நம்ம செட்டுதான் வாசிக்குது. தவசியக் கூப்பிட்டு மலையாண்டி சொல்லிட்டாரு: "தம்பி, ஊர்வலத்துல நீ ஊதுறதையும் பாக்குறேன், உன் பல்லையும் பாக்குறேன். ரெண்டும் சரியா இருந்தா பவுனு உனக்கு. இல்லேன்னா மதுரைப் பக்கத்துல ஒரு பையன் இருக்கான், பல்லெல்லாம் சோளக்கருது மாதிரி."

அன்னைக்கு காலையில தவசி எந்திரிக்கிறான், கீழ்வரிசை முன்பல்லு ஓரத்துல சுருக்குன்னு ஒரு குத்து. டீயக் குடிச்சான், குத்து குடைச்சலாச்சு. வடையக் கடிச்சான், "யம்மோவ்!" அந்தச் சத்தத்துல டீக்கடைப் பூனை மூணு தெரு தாண்டி ஓடுது.

செட்டு ஆளுக கூடுற ஷட்டர் கடைக்கு கன்னத்தப் புடிச்சுக்கிட்டு வந்து விழுந்தான்.

"வாடா, டாக்டர்கிட்ட போயிருவோம்," மாஸ்டர் எந்திரிச்சாரு.

"எந்த டாக்டரு? ஊர்ல இருக்கிறதே ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்க டோக்கன் போடுறது யாரு? பவுனு. 'வாயத் தொறங்க'ன்னு சொல்லப் போறது யாரு? பவுனு. உள்ள என்ன இருக்கு? கருப்பா ஒரு சொத்தை. கட்டிக்கப் போற புள்ளைக்கு மொத மொத காட்டுற பொருளா மாஸ்டர் அது?"

மூணு பேரும் தலையக் குனிஞ்சு யோசிச்சாங்க.

"நான் எங்க வீட்டுக்காரிக்கு மொத மொத கோழி காட்டுனேன்," செவத்தியான் மெதுவா சொன்னான். "அது ஒண்ணும் சொல்லல."

"கோழி என்ன சொல்லும்?"

"நான் வீட்டுக்காரியச் சொன்னேன்ணே."

மொக்கராசு போன எடுத்து தொடையில தொடச்சான். "ஆஸ்பத்திரி எதுக்கு மாஸ்டர்? உலகத்துல இருக்கிற அம்புட்டு டாக்டரும் இதுக்குள்ளதான் இருக்காங்க. டோக்கன் வேண்டாம், செருப்பக் கழட்ட வேண்டாம்."

ஆனாலும் செவத்தியான் மரியாதைக்கு செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டுத்தான் போன் முன்னால உக்காந்தான்.

போன்ல ஒருத்தர் வந்தாரு. கண்ணாடி போட்டிருந்தாரு, பின்னால ஒரு பெரிய பல்லு படம். "பாத்தீங்களா, சுவத்துலயே பல்லு. பெரிய டாக்டரு," மொக்கராசு சொன்னான். அவரு கடகடன்னு பேசுனாரு:

"வணக்கம் மக்களே! பல்வலியா? கவலைய விடுங்க! ஒரு ஸ்பூன் தேங்கா எண்ணெய வாயில ஊத்துங்க. ஒரு கிராம்ப எடுத்து, இதோ, இந்தப் பக்கம் வையுங்க. வலி பறந்துரும்!" சொல்லிக்கிட்டே தன் கன்னத்துல ஒரு பக்கத்த தட்டிக் காட்டுனாரு.

அங்கதான் மொத சிக்கல்.

"எந்தப் பக்கம் காட்டுறாரு?" மாஸ்டர் கேட்டாரு.

"சோத்தாங்கைப் பக்கம்."

"நம்ம சோத்தாங்கையா, அவரு சோத்தாங்கையா?"

"அவரு நம்மளப் பாத்து நிக்கிறாரு. அதனால திருப்பிக்கணும்," மொக்கராசு சொன்னான்.

"தவசி அவரப் பாத்து உக்காந்திருக்கானே. அவனையும் திருப்பணும்ல?" இது செவத்தியான்.

"ரெண்டு தடவ திருப்புனா பழைய இடத்துக்கே வந்துருமேடா."

"அப்ப திருப்பாமலே விட்டுருவமா?"

"அதெப்படி? திருப்பிப் பாத்துட்டுத்தான் திருப்பாம விடணும்," மாஸ்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு.

தவசி நடுவுல விரல விட்டு, "மாஸ்டர், வலிக்கிறது இந்தா, இந்தப் பக்கம்"னு தொட்டுக் காட்டுனான். மாஸ்டர் அவன் கையத் தட்டி விட்டாரு.

"டாக்டரு ஒரு பக்கம் காட்டுறப்ப நோயாளி ஒரு பக்கம் காட்டுறதா? உனக்கு என்னடா தெரியும் உன் வாயப் பத்தி?"

ஆக, வலியில்லாத பக்கத்துல வைத்தியம் ஆரம்பமாச்சு.

ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊத்துனாங்க. ஒரு கிராம்பு வச்சாங்க. வச்சுட்டு நிமிந்து பாத்தா, போன்ல அவரு திரும்ப "வணக்கம் மக்களே!"ங்கிறாரு. அந்த வீடியோ முடிஞ்ச உடனே தானா மொதல்ல இருந்து ஓடுமாம். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பேண்டு செட்டுக்குத் தெரியுமா?

"திரும்ப பல்லவிக்கு வந்துட்டாரு! எண்ணெய எடுங்கடா!" மாஸ்டர் கத்துனாரு.

இன்னொரு ஸ்பூன், இன்னொரு கிராம்பு. அவரு திரும்ப வணக்கம் வச்சாரு. இவங்க திரும்ப ஊத்துனாங்க. மொக்கராசு எண்ணெய், செவத்தியான் கிராம்பு, மாஸ்டர் தொடையில தாளம். அப்படியே ஒரு ஓட்டத்துல போகுது வைத்தியம்.

"மாஸ்டர், போதும்..." தவசி வாய் நெறைய எண்ணெயோட கொழகொழன்னு சொன்னான். கண்ணுல தண்ணி. "எரியுது..."

"அவரு இன்னும் கையத் தூக்கலடா. முன்னால நிக்கிறவரு கையத் தூக்காம நாம நிறுத்துனா செட்டு பேரு என்னாகும்?"

கன்னம் ரெண்டும் உப்பி, தவசி மொகம் பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு. கிராம்பு பொட்டலம் காலி. செவத்தியான் கடைக்கு ஓடப் போனான். அந்த நேரம் பாத்து மொக்கராசோட எண்ணெய் விரலு போன்ல வழுக்கிருச்சு. கண்ணாடிக்காரரு மேல போயிட்டாரு. கீழ இருந்து ஒரு அம்மா வந்தாங்க, கையில கரண்டியோட.

"நர்சம்மா வந்துட்டாங்க," செவத்தியான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டான்.

அந்தம்மா சொன்னாங்க: "எண்ணெய் நல்லா காய்ஞ்சதும் கடுகப் போடுங்க. கடுகு வெடிச்சதும் கறிவேப்பிலை."

செட்டு ஒரு நிமிசம் ஆடிப் போச்சு.

"எண்ணெய் காயுறதா? வாயில எப்படிக் காயும்?" மொக்கராசு கேட்டான்.

மாஸ்டர் தவசியப் பாத்தாரு. "டேய், எரியுதா?"

தவசி வேகமா தலைய ஆட்டுனான்.

"நல்லா எரியுதா?"

கால உதைச்சான்.

"காஞ்சிருச்சு. கடுகப் போடுங்க."

செவத்தியான் கடைக்கு ஓடி வாங்கியாந்த கடுகப் போட்டாச்சு. வெடிச்சதும் போட ஒரு கறிவேப்பிலைய எண்ணெய் தொட்டு தவசி மூக்கு நுனியில ஒட்டி வச்சாச்சு. இனி கடுகு வெடிக்கணும். மூணு பேரும் தவசியோட கன்னத்துல காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இந்தப் பக்கம் மாஸ்டர், அந்தப் பக்கம் மொக்கராசு, எடம் பத்தாம செவத்தியான் உச்சந்தலையில. அந்த வழியாப் போன தபால்காரரு நின்னு பாத்தாரு. "என்னய்யா பண்றீங்க?"

"சத்தம் போடாதீங்க சார். கடுகு வெடிக்கப் போகுது."

தபால்காரரு ஒண்ணும் கேக்காம சைக்கிள மிதிச்சுட்டாரு. வேலாங்குறிச்சியில ரொம்ப நாளா தபால் குடுக்குறவரு, பாவம்.

கடுகு வெடிக்கல. ஆனா தவசி வெடிச்சுட்டான். "ப்பூ!"ன்னு தும்முனான் பாருங்க, எதிர் சுவரு பூராவும் தாளிப்பு. நல்லவேளை, அந்த நர்சம்மா அப்பத்தான் "அவ்வளவுதாங்க!"ன்னு கையத் தூக்குனாங்க. செட்டுக்கு நிம்மதி. சட்டப்படி நிறுத்திட்டாங்க.

வலி நின்னுச்சா? ரெண்டு பங்காச்சு. நல்லா இருந்த பக்கமும் ஈறு வெந்து வெள்ளையாப் போச்சு.

"இப்ப ரெண்டு பக்கமும் சமமா இருக்குல்ல?" மாஸ்டர் ஆறுதல் சொன்னாரு.

தவசி மூலையில உக்காந்து விசும்புறான். "சாயங்காலம் எப்படி மாஸ்டர் ஊதுவேன்? பவுன மதுரைக்குக் குடுத்துருவாரு மாஸ்டர். சோளக்கருதுக்குக் குடுத்துருவாரு."

அதப் பாத்து மாஸ்டருக்கே மனசு கலங்கிருச்சு. "மொக்கராசு, வேற பெரிய டாக்டரா பாரு. பல்லையே எடுத்துருவோம்."

மூணாவது வீடியோ. ஒரு ஆளு, பல்லுல நூலக் கட்டி, நூலோட மறுமுனைய ஒரு மரக்கதவோட கைப்பிடியில கட்டி, கதவப் படார்னு சாத்துனாரு. பல்லு பறந்துச்சு. அவரு சிரிச்சாரு. சுலுவான வேலை.

"நம்ம கடையில கதவு இல்லையே. ஷட்டர்தான இருக்கு," செவத்தியான் சொன்னான்.

"ஷட்டர்ல கட்டக் கூடாது. டாக்டரு மரக்கதவுன்னா மரக்கதவு. கைப்பிடி பளபளன்னு இருக்கணும். ஊர்ல நல்ல மரக்கதவு எங்கடா இருக்கு?"

நாலு பேரும் ஊர்ல இருக்கிற கதவயெல்லாம் ஒவ்வொண்ணா யோசிச்சாங்க. ரேசன் கடைக் கதவு தகரம். நூலகத்துக் கதவு கரையான் தின்னுருச்சு. மாஸ்டர் வீட்டுக்கு கதவே கெடையாது, சாக்கு. கடைசியில மொக்கராசுதான் தொடையத் தட்டுனான். "பல் ஆஸ்பத்திரி! தேக்கு மாஸ்டர்! பித்தளைக் கைப்பிடி!"

"அங்க பவுனு இருக்குமேடா!" தவசி அலறுனான்.

"பவுனு உள்ள இருக்கும். கதவு வெளிய இருக்கும். நாம டாக்டரப் பாக்கவா போறோம்? கதவப் பாக்கப் போறோம்." மாஸ்டர் சொன்னா மறுபேச்சு ஏது.

போனாங்க. தவசிய வாசப்படியில நிக்க வச்சு, பல்லுல நூலக் கட்டுனாங்க. எந்தப் பல்லு? கண்ணாடிக்காரரு காட்டுன பக்கத்துப் பல்லுதான். மறுமுனைய பித்தளைக் கைப்பிடியில இறுக்கியாச்சு. அப்பத்தான் கவனிக்கிறாங்க, கதவு ஏற்கனவே சாத்தியிருக்கு.

"சாத்துன கதவ எப்படிடா சாத்துறது?"

"தொறந்துட்டுத்தான் சாத்தணும்."

"பூட்டியிருக்கே."

"தட்டுங்க. தொறப்பாங்க. தொறந்த உடனே சாத்திருவோம்."

செவத்தியான் கண்ண மூடிக்கிட்டு டொக் டொக்குன்னு தட்டுனான். கதவு உள்பக்கமாத் தொறக்கிற கதவு. தொறந்தது பவுனு. படக்குன்னு இழுத்துச்சு பாருங்க, கதவு போன பக்கம் நூலு போச்சு, நூலு போன பக்கம் பல்லு போச்சு, பல்லோட சேந்து தவசியும் போயி, பவுனு காலடியில தொபுக்கடீர்னு விழுந்தான். பல்லு மட்டும் அசையல. நல்ல பல்லுல்ல!

பவுனு கீழ பாத்துச்சு. வாயில நூலு, மூக்கு நுனியில ஒரு கறிவேப்பிலை.

"என்னங்க இது?"

வெளிய இருந்து மாஸ்டர் எட்டிப் பாத்து, "ஒண்ணுமில்ல தாயி. கதவு மட்டும் போதும், டாக்டர் வேண்டாம். கொஞ்சம் வேகமா சாத்து"ன்னாரு.

பவுனு சாத்துச்சு. மாஸ்டர் மூஞ்சியில. தவசி உள்ள, மத்தவங்க வெளிய.

டாக்டரம்மா தவசி வாயத் தொறந்து பாத்தாங்க. ஒரு கிராம்பு எடுத்தாங்க. இன்னொரு கிராம்பு எடுத்தாங்க. கொஞ்சம் கடுகு எடுத்தாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, "இது வாயா, அஞ்சறைப்பெட்டியா?"ன்னு கேட்டாங்க. "ஏங்க, கிராம்பு இவ்வளவு வச்சா ஈறு வேகாதா? நூலு கட்டியிருக்கீங்களே, அது கல்லு மாதிரி நல்ல பல்லு. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா தாடையோட போயிருக்கும். சொத்தை அந்தப் பக்கம் இருக்கு."

"நான் சொன்னேன் டாக்டர்," தவசி அழுதுட்டான். "எனக்கு என் வாயப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க."

ஊசி போட்டாங்க. பவுனு பக்கத்துல நின்னு தவசி தலையப் புடிச்சுக்கிச்சு. சொத்தைப் பல்லு வெளிய வந்துச்சு. அதப் பாத்து பவுனு மொகம் சுளிக்கும்னு தவசி கண்ண மூடிக்கிட்டான். பவுனு அத தட்டுல போட்டுட்டு, "இதுக்குத்தானா இம்புட்டுக் கூத்து? ஒரு நாளைக்கு நான் இந்த மாதிரி எத்தன பாக்குறேன் தெரியுமா? இது அழகாத்தான் இருக்கு"ன்னுச்சு. தவசிக்கு மரத்துப் போன வாயில சிரிப்பு ஒரு பக்கமா ஒழுகுச்சு.

வெளிய விடுறப்ப பவுனு நாலு பேத்தையும் நிக்க வச்சு சொல்லுச்சு: "நல்லா கேட்டுக்கங்க. இன்னைக்கு இவரு ஊதக் கூடாது. உறிஞ்சக் கூடாது. ஊதுனா ரத்தம் நிக்காது. சாயங்காலம் கிளாரினெட்ட இவரு கையில புடிச்சுக்கட்டும், காத்து வேற யாராவது குடுங்க." அது கடுப்புல சொன்ன வார்த்தை. யாருகிட்ட சொல்றோம்னு கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

நாலு பேரும் ரோட்டுல நின்னு ஆலோசனை பண்ணாங்க.

"புடிச்சுக்கிறது தவசி. அது சரி. காத்து யாரு குடுக்கிறது?"

"ஊர்லயே அதிகக் காத்து யாருகிட்ட இருக்கு?"

"பிரசிடெண்டுகிட்ட. மேடை ஏறுனா எறங்க மாட்டாரு."

"அது வெறும் காத்துடா. நமக்கு அழுத்தமான காத்து வேணும்."

மூணு பேரும் ஒரே நேரத்துல திரும்பி எதிர்ப்பக்கம் பாத்தாங்க. காதர் பாய் பஞ்சர் கடை. வாசல்ல மஞ்சக் கலர்ல கம்ப்ரசர் கும்முன்னு நிக்குது.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பூவு ஜோடிச்ச கார்ல மாப்பிள்ளை, பின்னால சொந்தபந்தம், தாம்பாளத்தோட பவுனு. முன்னால இடிமின்னல் செட்டு. தவசி கிளாரினெட்ட கையில புடிச்சு ஓட்டைய மூடி மூடித் தொறக்கிறான். வாய இறுக்க மூடியிருக்கான். அவன் வாயி இருக்க வேண்டிய எடத்துல காத்தடிக்கிற ஓஸு. மறுமுனையில காதர் பாய், "எவ்வளவு பாயிண்டு வைக்கட்டும்?"ங்கிறாரு.

"கல்யாணப் பாட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு," மாஸ்டர் சொன்னாரு.

"பீ.............." ன்னு கெளம்புச்சு பாருங்க ஒரு சத்தம். நடுவுல மூச்சு வாங்குறதே இல்ல. ஊரே வாயப் பொளந்துருச்சு. "என்ன தம் இருக்குய்யா இவனுக்கு!"

ஒரே ஒரு கொறை. ஓஸு நீளம் பஞ்சர் கடைய ஒரு சுத்து சுத்துற அளவுக்குத்தான் இருந்துச்சு. அதனால ஊர்வலம் மண்டபத்துக்குப் போகல. பஞ்சர் கடையச் சுத்துது. செட்டு சுத்துது, பின்னால காரு சுத்துது, அதுக்குப் பின்னால தாம்பாளம் எல்லாம் சுத்துது. சாமி கும்பிடுற மாதிரி சில பேரு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

மலையாண்டி கூட்டத்த விலக்கிட்டு வந்தாரு. "யோவ் மாஸ்டர், மண்டபம் அங்க இருக்கு. டயருக்கா கல்யாணம்?"

"ஓஸு இவ்வளவுதான் வருதுங்க தரகரே."

அவரு தவசி பக்கம் திரும்பிட்டாரு. "தம்பி, ஊதுறதக் கேட்டுட்டேன். இப்ப வாயத் தொற."

பவுனு தாம்பாளத்தோட முன்னால வந்து நின்னுச்சு. மாஸ்டர் அடிக்கிறத விட்டுட்டாரு. தவசி கண்ண மூடிக்கிட்டு வாயத் தொறந்தான். மலையாண்டி காளைக்குப் பாக்குற மாதிரி கீழுதட்ட கட்டவிரலால இழுத்துப் புடிச்சுப் பாத்தாரு. முன்னால ஓரத்துல ஓட்டை.

"இந்தப் பல்லு எப்ப விழுந்துச்சு?"

"இன்னைக்கு... மத்தியானம் மாமா."

மலையாண்டி கண்ணு அகலமாயிருச்சு. "இன்னைக்கா? அட, இப்பத்தான் பால்பல்லு விழ ஆரம்பிச்சிருக்கா! முப்பது வயசு இருக்கும்னுல்ல நெனச்சேன். இன்னும் பல்லே போடாத கன்னுக்குட்டிடா நீ! எத்தன வருசத்துக்கு உழைப்ப!"

"அப்பா, அது சொத்தைப் பல்லு, நாங்கதான்..." பவுனு ஆரம்பிச்சுச்சு.

"நீ சும்மா இரு. கன்னப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" தவசி முதுகத் தடவிப் பாத்தாரு, பிடரியில சுழி பாத்தாரு, ஒரு சுத்து நடக்க வச்சுப் பாத்தாரு. அப்புறம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "பவுனு உனக்குத்தான். வெளிய எவனுக்கும் சொல்லாதீங்க, வேற தரகன் பாத்தா ஓட்டிக்கிட்டுப் போயிருவான்"னாரு.

பவுனு தாம்பாளத்தால மூஞ்சிய மறைச்சுக்கிச்சு. வெக்கமா, சிரிப்பான்னு அந்தத் தேங்காய்க்கும் பழத்துக்கும்தான் தெரியும்.

சந்தோசத்துல செட்டு இன்னும் வேகமா சுத்துச்சு. அப்ப மாப்பிள்ளை கார் டிரைவர் எறங்கி ஓடி வர்றான். "மாஸ்டர், நிறுத்துங்க! சுத்திச் சுத்தி முன்சக்கரத்துல காத்து எறங்கிருச்சு. பாய், காத்தடிங்க!"

"காத்தடிக்கணும்னா ஓஸக் கழட்டணுமே," காதர் பாய் சொன்னாரு.

"ஓஸக் கழட்டுனா பாட்டு நின்னுரும்," மொக்கராசு சொன்னான்.

"பாட்டு நின்னா ஊர்வலம் நின்னுரும்," செவத்தியான் சொன்னான்.

"காத்தடிக்காட்டியும் ஊர்வலம் நின்னுருமே," டிரைவர் தலையில கை வச்சான்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் மீசையத் தடவுனாரு. "ஏன் கழட்டணும்? கிளாரினெட்டுக்குள்ள போற காத்து எங்க போகுது?"

"பாட்டா வெளிய வருது."

"வர்ற பாட்டுல காத்து இருக்குல்ல?"

மூணு பேரும் யோசிச்சு, "இருக்கு மாஸ்டர்"னாங்க.

தவசி சக்கரத்துக்கு முன்னால மண்டி போட்டு, கிளாரினெட்டு வாய டயர் மூக்குல பொருத்தி, ஒரு முழுப் பாட்டு வாசிச்சான். சுத்தி நின்ன சனம் கைதட்டுச்சு. டிரைவர் குனிஞ்சு டயர அமுக்கிப் பாத்தான். காத வச்சுக் கேட்டான். நிமிந்து சொன்னான்:

"சுதி ஏறியிருக்கு மாஸ்டர். காத்துதான் பத்தல, கொஞ்சம் பெரிய பாட்டா ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க."